தகுதிகாண் பருவத்தார் – சொல்லும் பொருளும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாம் ஆண்டு விழாவில் பேச வேண்டும் என்று செயலாளர் என்னை அழைத்தபோது, சிலம்பைப் பற்றியோ கம்பனைப் பற்றியோ பேசுவேன் என்றே எதிர்பார்த்திருப்பார். அவற்றை என்னினும் நன்கு பேச வல்லார் இந்த மேடையிலேயே அமர்ந்திருக்கின்றனர். நான் எடுத்துக்கொண்டது ஓர் அலுவலகச் சொல். கோப்புகளிலும் பணி நியமன ஆணைகளிலும் மட்டுமே வாழும் சொல். ஆனால் இந்த அவையில் இருப்போரில் பாதிப்பேராவது தம் வாழ்நாளில் ஒருமுறை அச்சொல்லுக்குள் குடியிருந்தவர்கள்; சிலர் இன்றும் குடியிருப்பவர்கள். தொழிற்சாலைச் சங்கொலி கேட்டு எழுந்து, சங்கொலி கேட்டு உண்டு வளர்ந்த ஊர் இது. இங்கே 'புரொபேஷன்' என்று சொன்னால் பொருள் கேட்பவர் எவரும் இலர். அதையே தமிழில் 'தகுதிகாண் பருவம்' என்று சொன்னால், "ஓ, அதுவா?" என்று ஒரு கணம் கழித்தே முகம் தெளிகிறது.

நம் வட்டத்து இளம் அன்பர் ஒருவர் அரசுப் பணியில் சேர்ந்தார். ஆணை முழுவதும் தமிழில் இருந்தது. அதை என்னிடம் காட்டி அவர் கேட்டார்: "ஐயா, காலத்துக்குப் பெயர் இருக்கிறது. இரண்டு ஆண்டுத் தகுதிகாண் பருவம் என்று எழுதியிருக்கிறார்கள். அந்தக் காலத்துக்குள் இருக்கும் எனக்கு என்ன பெயர்?" ஆங்கிலத்தில் 'புரொபேஷனர்' என்று ஒரே சொல்லில் முடிந்துவிடுகிறது. தமிழில் 'தகுதிகாண் பருவத்தினர்' என்கிறோம். அல்லது 'தகுதிகாண் பருவத்தில் உள்ளவர்' என்று நீட்டுகிறோம். இந்த உரை அக்கேள்விக்குரிய விடையைத் தேடிய முயற்சியே.

முதலில் ஆங்கிலச் சொல்லின் வரலாற்றைச் சிறிது பார்த்துவிடுவோம். அதன் வேர் இலத்தீன் மொழியில் சோதித்தல், மெய்ப்பித்தல் என்னும் பொருளுடைய வினை. துறவு மடங்களில் புதிதாகச் சேர்வோரையும், 1860இல் இலண்டனில் நைட்டிங்கேல் அம்மையார் பெயரால் தொடங்கிய செவிலியர் பள்ளியில் சேர்ந்த மாணவியரையும் அச்சொல்லின் வழிவந்த பெயராலேயே அழைத்தனர். ஏறத்தாழ அதே காலப் பகுதியில் அச்சொல் நீதிமன்றத்துக்குள்ளும் நுழைந்தது. 1841இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜான் அகஸ்டஸ் என்னும் காலணித் தொழிலாளர், குடிப்பழக்கத்துக்காக நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்ட ஒருவரைத் தம் பொறுப்பில் விடுமாறு கேட்டுப் பிணையில் எடுத்தார். மூன்று வாரங்கள் கழித்து அந்த மனிதரைத் திரும்பக் கொண்டுவந்தபோது அவர் திருந்தியிருந்தார். நீதிபதி ஒரு சென்டு மட்டும் தண்டம் விதித்து விட்டுவிட்டார். அகஸ்டஸ் தம் வாழ்நாளுக்குள் ஏறத்தாழ 2000 பேரை இவ்வாறு பிணையெடுத்தார். அவர் மறைந்து 19 ஆண்டுகள் கழிந்த பின், 1878இல், மாசசூசெட்ஸ் மாநிலம் இதற்கெனச் சட்டம் இயற்றியது. ஆக, புதிதாய் வேலையில் சேர்ந்தவருக்கும் குற்றம் செய்து சிறைக்குப் போகாமல் கண்காணிப்பில் விடப்பட்டவருக்கும் ஆங்கிலத்தில் ஒரே பெயர். இருவரும் 'புரொபேஷனர்' தாம்.

தமிழ் இங்கே வேறு வழியில் சென்றது. 1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்தை அடுத்து ஆட்சிச் சொற்களைத் தமிழில் ஆக்கும் பணி விரைந்தது. நகராட்சி ஆணையராக இருந்துகொண்டே ஆட்சித் தமிழுக்கு உழைத்த கீ. இராமலிங்கனார் போன்றோர் இதில் முன்னின்றனர். அகராதியில் ஆங்கிலச் சொல்லுக்கு நேராக ஒரே தமிழ்ச்சொல்லை இட்டுக் கடந்து சென்றிருந்தால் எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் நம் ஆட்சித் தமிழில் பணியாளருக்கு ஒன்றும் குற்றவாளிக்கு ஒன்றுமாக இரண்டு சொற்கள் நிலைபெற்றன. வேலைக்கு வந்தவர் நிற்பது 'தகுதிகாண் பருவம்'. நீதிமன்றம் விடுவித்தவரைக் கவனிப்பவர் 'நன்னடத்தை அலுவலர்'. தமிழ்நாட்டில் மட்டுமன்று; ஈழத்திலும் அத்துறைக்குப் பெயர் 'நன்னடத்தை' என்றே தொடங்குகிறது. சிங்கப்பூர்த் தமிழ் நாளிதழில் 'நன்னடத்தைக் கண்காணிப்பு' என்று வருகிறது. கடல் கடந்தும் தமிழர் ஒரே முடிவுக்கு வந்திருப்பது என்னை வியக்க வைக்கிறது.

இந்த இரண்டு சொற்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். நன்னூலார் சொற்களின் வழக்கை இயல்பு வழக்கு, தகுதி வழக்கு என இரண்டாகப் பிரிப்பார். தகுதி வழக்குள் இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்று உண்டு. இறந்தார் என்னாது இயற்கை எய்தினார் என்பது மங்கலம். நான் சொல்ல வருவது என்னவென்றால், 'நன்னடத்தை' என்பது நம் காலத்தில் பிறந்த சிறந்த மங்கல வழக்குகளுள் ஒன்று. குற்றம் செய்தவரைக் குற்றத்தின் பெயரால் சுட்டாமல், அவர் இனி நடக்கப்போகும் நல்ல நடத்தையின் பெயரால் சுட்டுகிறது அது. ஆங்கிலச் சொல்லில் சோதனை இருக்கிறது. தமிழ்ச் சொல்லில் நம்பிக்கை இருக்கிறது.

பணியாளருக்கு வந்த சொல்லிலோ அந்த மங்கலம் இல்லை. எந்தக் குற்றமும் செய்யாமல், தேர்வெழுதி, நேர்காணல் முடித்து, உடல்தகுதிச் சான்று பெற்று, காவல்துறையின் முன்நடத்தைச் சரிபார்ப்பும் முடிந்து வந்து நிற்பவரை, "உன் தகுதியை இனிமேல்தான் காண வேண்டும்" என்கிறது சொல். குற்றம் செய்தவருக்கு நன்மை, குற்றமற்றவருக்கு ஐயம். அகராதி செய்தவர்கள் இதை எண்ணிச் செய்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சொற்கள் அப்படி அமைந்துவிட்டன. 'புரொபேஷன்' என்று ஆங்கிலத்திலேயே சொல்லிவிடுகிறோமே, அது மூன்றாவது வகை: குழூஉக்குறி. பொற்கொல்லரின் பறி போல, அலுவலகத்தாருக்குள் வழங்கும் அடையாளச் சொல். அதில் மானமும் இல்லை, அவமானமும் இல்லை. நம்மவர் அதை விடாமல் பற்றியிருப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

இனி 'தகுதிகாண் பருவம்' என்னும் தொடரைப் பிரித்துப் பார்ப்போம். தகுதியைக் காண் என்பது வேற்றுமைத் தொகை. காண் பருவம் என்பது வினைத்தொகை: கண்ட பருவம், காண்கின்ற பருவம், காணும் பருவம் என முக்காலத்துக்கும் பொருந்தி நிற்பது. கட்டளை போட்டு உருவாக்கிய ஆட்சிச் சொல்லில் இவ்வளவு செறிவான தொகை அமைவது அரிது. சொல்லாக்கியவரை இதற்காகப் பாராட்டியே ஆகவேண்டும். ஆனால் வினைத்தொகையின் இயல்பு ஒன்று உண்டு. அதில் வினை செய்பவர் யார் என்பது வெளிப்பட நிற்பதில்லை. யார் காண்பது? யாருடைய தகுதியை? அதிகாரி பணியாளரின் தகுதியைக் காண்கிறார் என்றே எல்லாரும் கொள்கிறோம். இலக்கணம் அப்படிச் சொல்லவில்லை. பணியாளரும் அந்த அலுவலகத்தின் தகுதியைக் காணலாம். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் அதைச் சுற்றி எழுந்துள்ள கணினி நிறுவனங்களிலும் இது நாள்தோறும் நடக்கிறது. சேர்ந்து சில மாதங்களுக்குள், "எனக்கு இந்த இடம் ஒத்துவராது" என்று எழுதிக் கொடுத்துவிட்டு எதிர்ப்பக்கக் கட்டடத்துக்குப் போகும் இளைஞர், அச்சொல்லின் மறுபாதிப் பொருளை நடைமுறைப்படுத்துகிறார் என்றே நான் கருதுகிறேன். அவர்களை நன்றியில்லாதவர்கள் என்று திட்டும் பெரியவர்கள் இலக்கணத்தையும் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம்.

பருவம் என்னும் சொல்லுக்கு வருவோம். அதற்கு வேர் தேடி நான் உங்களை அலைக்கழிக்கப் போவதில்லை. வேர்ச்சொல் ஆராய்ச்சியில் கற்பனை எவ்வளவு எளிதில் புகும் என்பதற்கு நம் ஊரே சான்று. 'ஆவடி' என்பது கவச வாகனக் கிடங்கு என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துச் சுருக்கம் என்று இன்றும் பலர் அடித்துச் சொல்கின்றனர். 1955 ஜனவரியில் இவ்வூரில் காங்கிரசு மாநாடு கூடிச் சமதர்மப் பாங்கான சமுதாயத்துக்குத் தீர்மானம் நிறைவேற்றியபோது கனரக வாகனத் தொழிற்சாலை பிறக்கவே இல்லை. அங்கிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது 1965இல். குழந்தை பிறக்குமுன்னே பேரப்பிள்ளை பெயர் வைத்த கதை இது. ஆகவே வேரை விட்டு வழக்கைப் பார்ப்போம்.

தமிழில் பருவம் என்பது தானே வந்து தானே கழிவது. மழைப்பருவம், விதைப்பருவம், பூப்பருவம். பேதை முதல் பேரிளம்பெண் ஈறாகப் பெண்ணுக்கு ஏழு பருவம் சொன்னார்கள். பிள்ளைத்தமிழுக்குப் பத்துப் பருவம். காப்பில் தொடங்கிச் செங்கீரை, தாலம், சப்பாணி என்று குழந்தை வளர வளரப் பருவங்கள் அடுத்தடுத்து வரும். செங்கீரையாடிய குழந்தை சப்பாணி கொட்டாமல் நின்றுவிடுவதில்லை. "சப்பாணிப் பருவம் மேலும் ஆறு மாதங்களுக்கு நீட்டிக்கப்படுகிறது" என்று எந்தப் புலவரும் பாடியதில்லை. (நம் வட்டமும் பத்துப் பருவம் கடந்துவிட்டது, சிறுதேர் உருட்டும் வயது வந்தாயிற்று என்று செயலாளர் மகிழலாம்.) 'தகுதிகாண் காலம்' என்று சொல்லாமல் பருவம் என்று சொன்னபோதே, இது முடியும், அடுத்தது வரும் என்ற உறுதி சொல்லுக்குள் ஏறிவிட்டது. அலுவலகம்தான் அந்த உறுதியைக் காப்பாற்றுவதில்லை.

தமிழக அரசுப் பணியில் நேரடியாகச் சேர்வோருக்குப் பொதுவாக மூன்றாண்டுத் தொடர் காலத்துக்குள் இரண்டாண்டுப் பணி என்பது விதி. அதற்குள் துறைத்தேர்வுகள் சிலவற்றில் தேற வேண்டும். முடிந்ததும், 'தகுதிகாண் பருவத்தை நிறைவு செய்தார்' என்று விளம்புகை செய்து ஆணை வரவேண்டும். 'விளம்புகை' என்னும் அழகிய சொல் இந்தக் கோப்புகளில் மட்டுமே உயிரோடு இருக்கிறது. ஆனால் அந்த விளம்புகை வருவதற்கு ஆகும் காலத்தை எந்த இலக்கணமும் வரையறுக்கவில்லை. பணிப்பதிவேட்டில் ஒரு பதிவு விடுபட்டது என்றும், முன்பு பணிபுரிந்த அலுவலகத்திலிருந்து அறிக்கை வரவில்லை என்றும் ஆண்டுகள் போகும். நான் பணிபுரிந்த அலுவலகம் ஒன்றில் ஒருவர் தம் மகளின் திருமண அழைப்பிதழை வைத்த வாரத்தில் அவருக்குத் தகுதிகாண் பருவம் முடிந்ததற்கான ஆணை வந்தது. அவர் பணியில் சேர்ந்தபோது அந்த மகள் பிறக்கவில்லை. அனைவரும் சிரித்தோம், அவரும் சிரித்தார். ஆனால் இடையே இருந்த ஆண்டுகளில் ஒவ்வொரு மேலதிகாரியின் முன்னும் அவர் எப்படி நின்றார் என்பது எனக்குத் தெரியும்.

இந்த நீட்டிப்பைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1968இல் பஞ்சாப் அரசுக்கும் தரம் சிங் என்பாருக்கும் இடையிலான வழக்கில் தெளிவான தீர்ப்புச் சொன்னது. விதியே பருவத்துக்கு மூன்றாண்டு என்று மேல்வரம்பு கட்டியிருக்கும்போது, அவ்வரம்பு கடந்தும் ஒருவரைப் பணியில் வைத்திருந்தால், அவர் நிலைபெற்றுவிட்டார் என்றே கொள்ளவேண்டும் என்பது அதன் சாரம். பருவம் என்னும் தமிழ்ச் சொல்லை அறியாத நீதிபதிகள் அதன் பொருளையே சொன்னார்கள். ஆயினும் எல்லா விதிகளிலும் இத்தகைய மேல்வரம்பு இல்லை. இல்லாத இடத்தில் ஆணை வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

சொல் எவ்வளவு தூரம் ஒருவரின் வாழ்வில் கைவைக்கும் என்பதற்கு இன்னொரு தீர்ப்பைச் சொல்ல வேண்டும். 1974இல் பஞ்சாபைச் சேர்ந்த கீழ்நிலை நீதிபதி சம்சேர் சிங் என்பவரின் வழக்கை ஏழு நீதிபதிகள் கேட்டார்கள். அவர் தகுதிகாண் பருவத்தில் இருந்தபோது நீக்கப்பட்டவர். தகுதிகாண் பருவத்தாரைப் பெரிய விசாரணையின்றி நீக்கலாம் என்பது பொது நிலை. அதனால் அதிகாரிகள் உண்மைக் காரணத்தை எழுதாமல், "பணி இனித் தேவையில்லை" என்று மெத்தென்ற சொற்களால் ஆணையிடுவது வழக்கமாகிவிட்டது. நீதிமன்றம் சொன்னது: சொல் மெத்தென்று இருப்பதால் மட்டும் ஆணை மெத்தென்றதாகிவிடாது, அதன் அடியில் ஒழுங்கீனக் குற்றச்சாட்டு இருந்தால் அது தண்டனையே, தண்டனை என்றால் அவர் தரப்பைக் கேட்டாக வேண்டும். நீதிமன்றம் இங்கே உரையாசிரியரின் வேலையைச் செய்திருக்கிறது. மேற்போர்வையை நீக்கி உள்பொருளைக் காண்பதுதானே பரிமேலழகர் முதலியோர் செய்தது.

வள்ளுவர் இதை எப்படிப் பார்த்தார்? 'தெரிந்துதெளிதல்' என்று ஓர் அதிகாரமே செய்தார். ஒருவனை நம்பி ஏற்குமுன் அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்னும் நான்கின் வழியாகவும் ஆராய வேண்டும் என்பார். ஒருவரின் பெருமைக்கும் சிறுமைக்கும் அவரவர் செயல்தான் உரைகல் என்றும் சொல்வார். அதாவது வேலையைக் கொடுத்துப் பார்த்துத்தான் ஆளை அறிய முடியும் என்பது தமிழர்க்குப் புதிதன்று. தகுதிகாண் பருவத்தின் கருத்தையே நான் குறைசொல்லவில்லை. ஆனால் அந்த அதிகாரத்தின் முடிவை யாரும் அலுவலகங்களில் சொல்வதில்லை. ஆராயாமல் நம்புவது எவ்வளவு துன்பமோ, ஆராய்ந்து நம்பியபின் ஐயுறுவதும் அவ்வளவு துன்பம் என்று முடிக்கிறார். பொற்கொல்லர் பொன்னை உரைகல்லில் ஒருமுறை இழைத்து மாற்றுப் பார்ப்பார். நாள்தோறும் இழைத்துக்கொண்டே இருந்தால் பொன் தேய்ந்துபோகும். திரும்பத் திரும்பத் தகுதிச்சான்று வாங்க வேண்டியது லாரிக்கு, மனிதருக்கன்று.

'தெளிதல்' என்னும் சொல்லையும் கவனியுங்கள். கலங்கிய நீர் அடங்கினால் தெளிவு. ஐயம் நீங்கினாலும் தெளிவு. ஒருவரை நம்பினாலும் அது தெளிவு. மூன்றும் ஒரே சொல். 'கன்ஃபர்மேஷன்' என்பதற்கு உறுதி செய்தல், நிலைப்படுத்தல், வரன்முறை செய்தல் என்றெல்லாம் எழுதுகிறோம். அவை கோப்பைப் பற்றிய சொற்கள். தெளிதல் ஒன்றே மனத்தைப் பற்றியது.

இப்போது இளம் அன்பரின் கேள்விக்கு வரலாம்: அவருக்கு என்ன பெயர்? மக்கள் வழக்கில் 'டெம்பரவரி' என்றுதான் சொல்கிறார்கள். இது சட்டப்படி தவறு. தற்காலிகர் வேறு, இவர் வேறு. 1946ஆம் ஆண்டின் தொழில் நிலையாணைச் சட்டத்தின்கீழ் வந்த மாதிரி நிலையாணைகள் தொழிலாளரை நிரந்தரர், தகுதிகாண் பருவத்தார், பதிலி, தற்காலிகர், அவ்வப்போது வேலைக்கு வருவோர், பழகுநர் என்று வகை பிரித்தன. அச்சட்டம் பின்னர், 2020இல் நாடாளுமன்றம் இயற்றிய தொழிலுறவுத் தொகுப்பில் கரைந்தது. அந்த மாதிரி நிலையாணை தகுதிகாண் பருவத்தாருக்குத் தந்த விளக்கம் என் நினைவில் நிற்கிறது: நிரந்தரமான காலியிடம் ஒன்றை நிரப்ப அமர்த்தப்பட்டு, அதில் இன்னும் மூன்று மாதம் நிறையாதவர். நிரந்தரமான காலியிடம் என்பதே இதில் உயிர்நாடி. அவருக்காக ஒரு நாற்காலி காத்திருக்கிறது. அதில் அமரத்தான் அவர் சோதிக்கப்படுகிறார். தற்காலிகருக்கு அப்படி நாற்காலி இல்லை.

சிலர் 'பயிற்சியாளர்' என்பர். அதுவும் பொருந்தாது. கிரிக்கெட் அணிக்குப் பயிற்சி அளிப்பவரும் பயிற்சியாளர். தொழிற்கூடத்தில் பயிற்சி பெறுபவரும் பயிற்சியாளர். கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே பெயரில் நின்றால் வழக்கு எப்படித் தெளியும்? 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் பழகுநரைத் தொழிலாளர் அல்லர் என்றே சொல்கிறது. ஆவடியில் எத்தனையோ பிள்ளைகள் பழகுநராகத் தொழிற்சாலை வாயிலுக்குள் போய், ஓராண்டு முடிந்து சான்றிதழோடு வெளியே வந்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தகுதிகாண் பருவம் வாய்க்கவில்லை. இங்கே ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். இந்திய ஆட்சிப்பணியில் சேர்ந்தவரை ஆங்கிலத்தில் 'புரொபேஷனர்' என்றே சொல்வர். தமிழ் நாளிதழ்களில் அவர் 'பயிற்சி ஐ.ஏ.எஸ். அதிகாரி' ஆகிவிடுகிறார். அதே நிலையில் உள்ள இளநிலை உதவியாளர் 'தகுதிகாண் பருவத்தினர்'. மேலே இருப்பவர் பயில்கிறார்; கீழே இருப்பவர் சோதிக்கப்படுகிறார். நம் சொற்கள் ஏணியின் படிக்கேற்பத் தம்மை மாற்றிக்கொள்கின்றன.

இன்னும் கீழே ஒரு படி இருக்கிறது. அந்தப் பருவமே இல்லாதவர்கள் அதில் நிற்கிறார்கள். 'தொகுப்பூதியம்' என்ற சொல்லை நம் காலத்தில் கற்றுக்கொண்டோம். 2004 முதல் அரசுப் பள்ளிகளில் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்ட ஆசிரியர்கள் 1.6.2006 முதல்தான் காலமுறை ஊதியத்துக்கு வந்தனர். அவர்கள் நடத்திய பாடம் அதற்கு முன்னும் பாடம்தான், பின்னும் பாடம்தான். பருவக் கணக்கில் மட்டும் முந்திய ஆண்டுகள் வராத காலமாக நின்றன. தனியார் தொழிற்கூடங்களில் 'ஒப்பந்தம்' என்ற சொல் அதே வேலையைச் செய்கிறது. தமிழ்நாடு 1981இல் ஒரு நல்ல சட்டம் இயற்றியது: 24 மாதங்களுக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளர் நிரந்தரர் ஆவார். எழுதிய கை வாழ்க. ஆனால் 480ஐ எண்ணத் தெரிந்தவர்கள் இரு பக்கமும் இருக்கிறார்கள். எண்ணிக்கை நிறையுமுன் நிறுத்திவிட்டு, சில நாள் கழித்து வேறு பெயரிலான ஒப்பந்தக்காரரிடம் மறுபடி சேர்த்துக்கொள்வதை இந்த அவையில் பலர் கண்டிருப்பீர்கள். ஒரே எந்திரத்தில், ஒரே மனிதர், பத்தாண்டாகப் புதியவர். 'தகுதிகாண் பருவத்தார்' என்ற சொல்லில் மங்கலம் இல்லை என்று சற்று முன் குறைப்பட்டேன். இவர்களை எண்ணும்போது அதுவே பெரிய மரியாதையாகத் தோன்றுகிறது. ஏனெனில் அச்சொல்லுக்குப் பின்னே ஒரு நாற்காலி உண்டு.

இரண்டு சொற்களும் ஒரே மனிதரிடம் சந்திக்கும் இடம் ஒன்றுண்டு. சென்னை மாகாணம் 1936இலேயே குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தை நிறைவேற்றியது. நாடு முழுமைக்குமான சட்டம் 1958இல் வந்தது. இந்த 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி, மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்கது அல்லாத குற்றம் செய்தவரை, நீதிமன்றம் சூழ்நிலையை நோக்கி, நன்னடத்தைக்குப் பிணைமுறி பெற்று விடுவிக்கலாம். 21 வயது நிறையாதவரை, அக்குற்றம் ஆயுள் தண்டனைக்குரியது அல்லாதவிடத்து, சிறைக்கு அனுப்புவதாயின் ஏன் அனுப்பியே ஆகவேண்டும் என்று காரணம் எழுத வேண்டும். அந்தச் சட்டத்தின் 14ஆம் பிரிவு நன்னடத்தை அலுவலரின் கடமைகளைச் சொல்லும்போது, தம் பார்வையில் உள்ளவருக்குத் தேவைப்பட்டால் தகுந்த வேலை தேடித் தர முயல வேண்டும் என்கிறது. 12ஆம் பிரிவோ, இவ்வாறு விடுவிக்கப்பட்டவருக்குத் தண்டனைத் தீர்ப்பினால் வரும் தகுதியிழப்பு எதுவும் ஒட்டாது என்கிறது. 'தகுதியிழப்பு' என்று சொல்லும்போது 'தகுதி' மறுபடியும் வந்துவிடுகிறது, பாருங்கள்.

ஆக, புழல் சிறையின் மதிலுக்குள் போகாமல் தப்பிய ஓர் இளைஞர், நன்னடத்தை அலுவலர் கைகாட்டிய பட்டறையில் வேலைக்குச் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். காலையில் அவர் தகுதிகாண் பருவத்தார். மாதம் ஒருமுறை அலுவலர் முன் நிற்கும்போது நன்னடத்தைக்கு உட்பட்டவர். இரண்டிலும் அவரை ஒருவர் காண்கிறார். சட்டம் களங்கம் ஒட்டாது என்று சொன்னாலும், பட்டறை விண்ணப்பத்தில் "உம்மீது வழக்கு உண்டா?" என்ற கட்டம் இருக்கிறது. அந்தக் கட்டத்தை நிரப்பும்போது அவர் பேனா எவ்வளவு நேரம் நிற்கும் என்பதை எந்த அகராதியும் சொல்லாது. உச்ச நீதிமன்றமும் 12ஆம் பிரிவு துறைவழி நடவடிக்கையிலிருந்து அரசு ஊழியரைக் காக்காது என்றே பொருள் கொண்டிருக்கிறது. நன்னடத்தை என்னும் சொல்லில் மொழி காட்டிய பெருந்தன்மையை வேலை கொடுப்போர் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

சொல்லாக்கம் பற்றி என் கருத்தைக் கேட்டால், தயக்கத்தோடு ஒன்று சொல்வேன். பழைய கல்லூரிகளில் 'புகுமுக வகுப்பு' இருந்தது. 1978இல் மேனிலைக் கல்வி வந்தபோது வகுப்பு போயிற்று. சொல் அனாதையாக நிற்கிறது. அவ்வகுப்பில் படித்தவரை எவரும் ஐயத்தோடு பார்த்ததில்லை. வாயிலில் கால் வைத்தவர், உள்ளே வரப்போகிறவர் என்றே பார்த்தனர். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் 'புகுமுகம் புரிதல்' என்று ஒன்று சொல்வார். தலைவனும் தலைவியும் முதன்முதலாக எதிர்ப்படும்போது, தன்னை மற்றவர் காண வேண்டும் என்று விரும்பும் நிலை அது. காண்பவருக்கும் காணப்படுபவருக்கும் இடையே அச்சம் இல்லாத பார்வை. 'புகுமுகப் பணியாளர்' என்று சொன்னால் என்ன? சில எழுத்து மிச்சம் என்பதற்காக அன்று. ஆளைப் பற்றிய ஐயத்தை விட்டு, அவர் நுழைவதைப் பெயராக்கலாம் என்பதற்காக. காலத்துக்குத் 'தகுதிகாண் பருவம்' என்ற பெயரே இருக்கட்டும். அதை மாற்ற வேண்டியதில்லை, அது நல்ல தமிழ். புலவர் பெருமக்கள் இதனினும் நல்ல சொல் தந்தால் என் சொல்லை மகிழ்ச்சியோடு விட்டுவிடுவேன்.

ஆனால் மேடையில் இருப்பவர்கள் ஆக்கும் சொல்லைவிடப் பட்டறையில் பிறந்த சொல்லுக்கு ஆயுள் அதிகம். கனரக வாகனத் தொழிற்சாலையிலும் படையுடைத் தொழிற்சாலையிலும், காவலர் குடியிருப்புகளிலும், அம்பத்தூர்ச் சிறுபட்டறைகளிலும், புதிதாய் வந்தவரை அங்குள்ளோர் தமக்குள் என்ன சொல்லி அழைக்கிறார்கள்? கேலிச் சொல்லாயினும் தாழ்வில்லை. அன்பர்கள் தாம் கேட்ட சொல்லை ஒரு தாளில் எழுதி, எந்த ஆண்டில் எந்தப் பிரிவில் கேட்டது என்பதையும் குறித்துக் கொடுத்தால், அடுத்த மாதக் கூட்டத்தில் அவற்றை வரிசைப்படுத்திப் படிக்கலாம். வாங்கிக்கொள்ள வாயிலருகே துணைச்செயலாளர் அமர்ந்திருக்கிறார்.